இரண்டாவது குண்டு படும் வரை

முட்டை வடிவப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடும் ரக்பி ஆட்டத்தை நீங்கள் திடலில் பார்த்திருப்பீர்கள். அந்த முரட்டு ஆட்டத்தில் பெயர் வாங்கிய ஒரு டாக்டரின் கதை இது.

தாமஸ் ஜோசப் கிரீன் 1873-ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தவர். பதினெட்டு வயதில், கடலில் மூழ்கிய ஒரு மாணவரைக் காப்பாற்றிப் பாராட்டுப் பெற்றார். மருத்துவம் படித்த நாட்களிலேயே அயர்லாந்து அணியில் இடம்பிடித்து 9 முறை ஆடினார். 1894-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றையும் அயர்லாந்து முதன்முறையாக ஒரே பருவத்தில் வென்றதே, அந்த அணியில் அவரும் ஒருவர்.

1896-இல் பிரிட்டிஷ் அணியோடு தென்னாப்பிரிக்கா சென்றவர், அங்கேயே ஜோகன்னஸ்பர்க்கில் டாக்டராகத் தங்கிவிட்டார். 1899-இல் போயர் போர் மூண்டது. சாதாரணச் சிப்பாயாகக் குதிரைப் படையில் சேர்ந்தார். பின்னர் அதே படைக்கு மருத்துவரானார்.

1901 டிசம்பர் 18. எதிரிகள் 150 கெஜ தூரத்திலிருந்து சுடுகிறார்கள். விழுந்து கிடந்தவர்களுக்கு டாக்டர் கட்டுப் போடுகிறார். அவர் மீதே குண்டு பாய்கிறது. அப்போது விலகியிருந்தால் யார் குறை சொல்வார்கள்? அவர் விலகவில்லை. இரண்டாவது குண்டு பட்ட பிறகுதான் கை ஓய்ந்தது. பிழைக்கமாட்டார் என்றே முதலில் எண்ணினார்கள். பிழைத்தார், விக்டோரியா சிலுவை என்ற உயரிய விருதும் பெற்றார்.

முதல் உலகப் போரிலும் களத்து மருத்துவப் பிரிவை நடத்தினார். ஆனால் லண்டனில் அவர் நடத்திய மருத்துவத் தொழில் கைகொடுக்கவில்லை. கடனில் நொடித்துப்போனார். நீரிழிவு வேறு வாட்டியது. அந்நோய்க்கு இன்சுலின் முதன்முதலாக ஒருவருக்குச் செலுத்தப்பட்டதே 1922-இல்தான். மறு ஆண்டு மார்ச் மாதம், 49 வயதில் கிரீன் கண்மூடினார்.

அந்தப் போர் நியாயமானதா என்று வாதிடலாம். காயம்பட்டவனுக்குக் கட்டுப் போட்ட கையைப் பற்றி வாதமில்லை. ஆனால் பதக்கம் பசியாற்றாது, நோயும் தீர்க்காது. நேயர்களே, பிறருக்காக ஓடியாடி உழைக்கும் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். "உங்கள் உடம்பு எப்படி?" என்று இன்றே அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.