சென்சார் சாகலை சாமி, அழுக்கா இருக்கு!

சிங்கப்பூர்த் தண்ணியில மூணு வாரம் சும்மா கட்டிக்கிடந்த படகு. கிளப்பினா வேகமானி 0. மெக்கானிக் தொட்டுக்கூடப் பாக்காம, "சென்சார் போச்சு, புதுசு போடுங்க"ங்கறார். அடப்பாவி!

அடியில இருக்கிறது காந்தம் வச்ச குட்டித் துடுப்புச் சக்கரம். அது சுத்தினாத்தான் துடிப்பு வரும், துடிப்பு வந்தாத்தான் வேகம் தெரியும். கழட்டி, ஓட்டையை மூடியால அடைச்சுட்டுப் பாத்தேன். முழுக்கப் பாசி, கொட்டலசு! பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சு விரலால சுத்தினேன். திரையில எண் ஓடுது. செலவு சைபர். அப்பவும் ஓடலைன்னா சக்கரத்துல காந்தம் இருக்கா பாக்கணும், அப்புறம் வயர். சென்சார் கடைசி.

"அதான் ஜிபிஎஸ் இருக்கே?"ன்னு சிலர். 2 நாட் எதிர்நீரோட்டத்துல தண்ணியை 5 நாட்ல கிழிச்சாலும் ஜிபிஎஸ் 3தான் காட்டும். ரெண்டையும் பாத்தாத்தான் நீரோட்டம் புரியும்.

முதல்ல கழுவுங்கய்யா, அப்புறம் பில் போடுங்க!