விழுங்க மாட்டோம்

"டான்சில் ஆபரேஷன்தானே, ரெண்டு நாள் ஐஸ்கிரீம் சாப்பிட்டாச் சரியாயிடும்." ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லும் ஆறுதல் இது. இதையே நாற்பது வயதுப் பெண்ணுக்கும் சொல்லி, மூன்றாம் நாள் அவளை அடுப்படிக்கு அனுப்பிவிடுகிறது நம் குடும்பம்.

உடல் வேறு கணக்கு வைத்திருக்கிறது. டான்சிலை எடுத்த இடம் தொண்டையின் இருபுறமும் திறந்த புண்ணாகவே இருந்து ஆறுகிறது. அதன்மேல் வெள்ளைப் படலம் படர்கிறது. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் அந்தப் படலம் உரியும்போது வலி கூடலாம்; இரத்தம் கசியும் ஆபத்தும் அந்த நாட்களில்தான் அதிகம். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு போவதால் காதுக்குள்ளும் குத்துகிறது. வலிக்குப் பயந்து தண்ணீர் குடிக்காவிட்டால் தொண்டை வறண்டு வலி இன்னும் ஏறும். சிறுவர்களைவிடப் பெரியவர்களுக்கு வலியும் அதிகம், ஆறும் காலமும் நீளம். அதனால்தான் மருத்துவர் இரண்டு வார ஓய்வு எழுதுகிறார்.

அந்தச் சீட்டில் மாத்திரைகளின் பெயர்கள் வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிடுகின்றன. 'ஓய்வு' என்ற ஒரு தமிழ்ச் சொல்தான் புரிவதில்லை. "காலேஜுக்குத்தான் போகலையே, வீட்டிலதானே இருக்கே, குக்கரை மட்டும் வச்சிடு" என்கிறார்கள். தண்ணீர்க் குடம் தூக்குவதும் மாவாட்டுவதும் போர்வை பிழிவதும் வேலைக் கணக்கிலேயே வராத வீட்டில், ஓய்வுக்கு மட்டும் எங்கிருந்து பொருள் வரும்?

நாள் முழுதும் வகுப்பில் பேசிப் பிழைப்பவள் நான். நாற்பத்து மூன்று வயதில் டான்சிலை எடுத்துவிட்டு, நோட்டில் எழுதிக்காட்டிக்கொண்டு கிடந்தேன். பார்க்க வந்த உறவினர் என் கணவரிடம், "பத்து நாள் வீடு அமைதியா இருக்கும், கொடுத்து வச்சவர் நீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணின் குரல் தொல்லை, அவள் வலி வேடிக்கை என்ற இரண்டு தீர்ப்புகளும் அந்தச் சிரிப்பில் இருந்தன. "எதுவானாலும் மென்னு முழுங்கிட்டுப் போ" என்று நம்மை வளர்த்தவர்கள், எச்சிலைக்கூட விழுங்க முடியாத நாளிலும் அதையேதான் எதிர்பார்க்கிறார்கள்.

2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டு வேலை செய்யும் பெண் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடங்கள். அதில் கைவைக்கும் ஆண் செலவிடுவது 97 நிமிடங்கள். அப்படிக் கைவைக்கும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். இரண்டு வாரத்துக்குப் பெருக்கினால் பெண்ணின் பங்கு ஏறக்குறைய 70 மணி நேரம். அவள் படுத்துவிட்டால் அந்த 70 மணி நேரம் யார் தலையில் விழுகிறது?

"அம்மா வந்து பாத்துக்குவாங்க" என்கிறார்கள். மூட்டு வலியோடு பேருந்து ஏறி வருகிறாள் அந்த அம்மா. அல்லது வீட்டு வேலைக்கு வரும் பெண் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக நிற்கிறாள். அவளுக்கே இந்த அறுவை நடந்தால் அந்த இரண்டு வாரமும் கூலி கிடையாது. ஒரு பெண்ணின் ஓய்வை இன்னொரு பெண்ணின் முதுகில் ஏற்றிவிட்டு, 'நல்லாப் பாத்துக்கிட்டோம்' என்று சொல்லிக்கொள்கிறது குடும்பம்.

ஆகவே, அறுவைக்குத் தேதி குறிக்கும் அன்றே இதையும் பேசி முடியுங்கள். ஆறவைத்த கஞ்சியைக் கொடுப்பது யார், இரவு இரண்டு மணிக்கு வலி மாத்திரைக்கு எழுப்புவது யார், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது யார் என்று ஆண்களின் பெயரோடு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கஞ்சி வைக்கத் தெரியாது என்பவருக்குக் கற்றுக்கொள்ள அதற்குள் நாள் இருக்கிறது. வாயில் இரத்தம் வந்தால் நடுராத்திரியானாலும் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும், 'விடியட்டும்' என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதையும் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். இதையெல்லாம் குரல் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.