தர மறுத்தால் தானே வளர்ந்துவிடுமா?

செயற்கை நுண்ணறிவை இயக்கும் ஆற்றல்மிக்க சில்லுகளைச் சீனாவுக்கு விற்க 2022 அக்டோபரில் அமெரிக்கா தடை விதித்தது. 2025 ஜனவரியில் அறிவித்த மற்றொரு விதி, இந்தியா வாங்கக்கூடிய சில்லுகளுக்கும் உச்சவரம்பு கட்டியது. நல்லவேளையாக, மே மாதத்தில் அது கைவிடப்பட்டது. "தராவிட்டால் நல்லதுதான், நாமே செய்துகொள்வோம்" என்கிறார்கள் சிலர். இது சரிதானா? நம் நாட்டு அனுபவங்கள் இரண்டைப் பார்ப்போம்.

1980களில் இந்தியா கேட்ட திறன்மிக்க மீக்கணிப்பொறியைத் தர அமெரிக்கா மறுத்தது. 1988இல் புனேயில் சி-டாக் நிறுவனம் தோன்றியது. 1991இல் பரம் 8000 தயாராகிவிட்டது. மூன்றே ஆண்டுகளில் எப்படி முடிந்தது? அதன் சில்லுகள் பிரிட்டன் நாட்டு நிறுவனத்தின் தயாரிப்பு, விலைக்குக் கிடைத்தன. பல சில்லுகளை இணைத்து, ஒரே கணக்கைப் பங்கிட்டுச் செய்யவைக்கும் வித்தைதான் நம்முடையது.

இனி, கிரையோஜெனிக் எஞ்சினைப் பாருங்கள். அதன் தொழில்நுட்பத்தைப் பெற 1991இல் சோவியத் நாட்டுடன் ஒப்பந்தமாயிற்று. அமெரிக்க எதிர்ப்பால் 1993இல் ரஷ்யா பின்வாங்கியது. எஞ்சின்கள் வந்தன, தொழில்நுட்பம் வரவில்லை. மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவ ஹைட்ரஜனைத் தாங்கும் உலோகம், அதைச் செலுத்தும் பம்பு என ஒவ்வொன்றையும் நாமே கற்க வேண்டியிருந்தது. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதனைகள் நடந்தன. 2010இல் தோல்வி. 2014 ஜனவரி 5ஆம் நாள்தான் வெற்றி. இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன!

ஆகவே, மறுப்பு எவருக்கும் எதையும் கற்றுத்தருவதில்லை. அடிப்படை கைவசம் இருந்தால் விரைவில் எழலாம். இல்லாவிட்டால் காலம்தான் விலை. சில்லு செய்வது எஞ்சினைவிட எளிதென்று எண்ணிவிடாதீர்கள்.

நம் காரைக்குடியையே பாருங்கள். 1948இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். யாரோ எதையோ தர மறுத்ததால் அல்ல, தேவைப்படும் என்று முன்னரே உணர்ந்ததால்! மின்முலாம் அங்கு ஆராயப்படும் துறைகளில் ஒன்று. இன்றைய சில்லுக்குள் ஓடும் நுண்ணிய தாமிர இணைப்புகளும் மின்முலாம் முறையில்தான் படிய வைக்கப்படுகின்றன.

சில்லு வாங்கப் பணம் ஒதுக்கும் அரசு, இத்தகைய ஆய்வகங்களுக்கும் தாராளமாக ஒதுக்க வேண்டும். நீங்களும் பாடநூலில் மின்னாற்பகுப்பை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காதீர்கள். தாமிர சல்பேட் கரைசலில் ஒரு சாவிக்கு முலாம் பூசிப் பாருங்கள். சீராகப் படியாவிட்டால் ஏன் என்று கேளுங்கள். சில்லுத் தொழிலில் இருப்பவர்களும் கேட்கும் கேள்விதான் அது.