சோளத்துக்கு அரிசி தந்த தீவு

ஸ்ரீரங்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குத் திருச்சி தண்ணீர் ஊர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நெல்லும் வாழையும்தான் கண்ணில் படும். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளையும் கடந்து துறையூர்ப் பக்கம் போனால் வானம் பார்த்த பூமி. தென்மேற்கே மணப்பாறையும் அப்படித்தான். அங்கே மானாவாரியில் விளைவது சோளம். மணப்பாறை மாட்டுக்குப் பேர்போன ஊர் என்பதால் பல கொல்லைகளில் சோளம் விதைப்பதே தட்டைக்காகத்தான். கதிர் கிடைத்தால் உபரி.

இதே சோளத்தில்தான் சீனாவின் மாவ்தாய் சாராயம் பிறக்கிறது. குய்சோ மாகாணத்தில் உள்ள அதே பெயர்கொண்ட ஊரில் சிவப்புச் சோளத்தை அவித்து ஆறவைக்கிறார்கள். கோதுமை மாவைக் கட்டியாக மிதித்துப் பூஞ்சை படரவிட்டு, பொடித்து அதில் கலக்கிறார்கள். பிறகு குழிக்குள் கொட்டி மண்ணால் மூடி நொதிக்க விடுகிறார்கள். ஓராண்டுச் சுற்றில் 9 முறை அவியல், 8 முறை நொதித்தல், 7 முறை வடித்தல். அதன்பின் சாடிகளில் ஆண்டுக்கணக்கில் இருப்பு. ஆல்கஹால் 53 சதவீதம். 1972இல் பெய்ஜிங் விருந்தில் அமெரிக்க அதிபர் நிக்சனும் சீனப் பிரதமர் சூ என்லாயும் கிண்ணம் உயர்த்தியது இதைக் கொண்டுதான். பங்குச் சந்தை மதிப்பில் இன்று உலகின் மதுபான நிறுவனங்களுக்குள் முதல் வரிசையில் நிற்கிறது மாவ்தாய்.

நம் சோளத்துக்கும் இப்படி ஒரு யோகம் அடிக்காதா என்று நினைப்பு ஓடுவது இயல்பு. மகாராஷ்டிரத்துக்கு ஓடியது. சோளம், கம்பு, மக்காச்சோளத்தில் சாராயம் வடிக்கும் ஆலைகளுக்கு அந்த மாநிலம் 2007இல் மானியம் அறிவித்தது. விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். மானியம் போய்ச் சேர்ந்ததோ ஆலைக்கு. உரிமம் பெற்ற ஆலைகளில் பல, அரசியல் குடும்பங்களைச் சார்ந்தவை என்று செய்திகள் வந்தன. ஏழையின் ரொட்டித் தானியத்தைச் சாராயமாக்க அரசே காசு கொடுப்பதா என்று கட்சிரோலி மருத்துவர் அபய் பங் போர்க்கொடி தூக்கினார். நியாயமான கேள்வி.

ஆனால் சோளச் சாராயத்தின் கதை எல்லா இடத்திலும் ஆலை முதலாளியின் கதையாக முடியவில்லை. தைவானின் ஆட்சிக்கு உட்பட்ட கின்மென், சீனக் கரையை ஒட்டிய சின்னத் தீவு. காற்று அடிக்கும், மண் வறண்டது, நெல் வராது. 1950களின் தொடக்கத்தில் அங்கே பெரும் படை முகாமிட்டிருந்தது. சிப்பாய்க்குச் சரக்கு வேண்டும். மக்களுக்குச் சோறு வேண்டும். படைத் தளபதி ஹூ லியன் ஒரு வழி கண்டார். சோளம் விளைத்துக் கொண்டுவா, எடைக்கு எடை அரிசி வாங்கிக்கொண்டு போ. சோளம் வடிப்பாலைக்கு, தட்டை அடுப்புக்கு. 1952இல் தொடங்கிய அந்த ஆலை இன்று உள்ளூர் நிர்வாகத்தின் சொத்து. அதன் லாபத்தில்தான் தீவின் நலத்திட்டங்கள் ஓடுகின்றன. உள்ளூர்ச் சோளம் போதாமல் இப்போது வெளியிலிருந்தும் வாங்குகிறார்கள் என்றாலும், தீவு விவசாயியிடம் வாங்கும் சோளத்துக்குத் தனி விலை உண்டு.

அரசே நடத்தும் மது வியாபாரம் நமக்கும் புதிதல்ல. 1983இல் உருவான டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் கையில் வைத்திருக்கிறது. 2024-25இல் அதன் வழியே அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். பிராந்தி என்று எழுதியிருந்தாலும் விஸ்கி என்று எழுதியிருந்தாலும் பாட்டிலுக்குள் இருப்பது பெரும்பாலும் மொலாசஸில் வடித்த சாராயம். நிறமும் மணமும் பிற்பாடு சேர்ந்தவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. பனை, தென்னை ஏறுகிறவரின் கள்ளுக்கோ 1987 முதல் தடை. குடிக்கிறவரின் கூலி கஜானாவுக்கும் ஆலைக்கும் போகிறது. மானாவாரிக் காட்டுக்கு அதில் பத்துப் பைசா நேரடியாகத் திரும்புவதில்லை.

அதற்காகத் துறையூரில் ஒரு சோள வடிப்பாலை திறக்க வேண்டும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த மாநிலம் இது. இன்னொரு போதை வழி நமக்குத் தேவையில்லை. கின்மெனில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வடிகலனை அல்ல, அந்தப் பண்டமாற்றை. எவ்வளவு விளைந்தாலும் இந்த விலைக்கு இந்த இடத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்ற உறுதிதான் அங்கே வறண்ட நிலத்தைச் சோளக்காடாக்கியது.

அதற்கான ஏற்பாடு நம்மிடம் பாதி தயார். 2023இல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். கேழ்வரகை விவசாயிகளிடமே கொள்முதல் செய்தார்கள். திருச்சி மாவட்டத்தில் சோளத்துக்கும் அதைச் செய்யலாம். 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை, கலப்பினச் சோளத்துக்குக் குவிண்டால் 3,699 ரூபாய். வாங்க ஆள் இல்லாத இடத்தில் அது வெறும் காகித விலை. நெல்லுக்கு இருப்பது போன்ற கொள்முதல் வலை சோளத்துக்கு இல்லை.

சோளத்தை யார் சமைப்பார்கள் என்று கேட்பவர்கள், ஒரு தலைமுறைக்கு முன்புவரை இந்தக் கொல்லைக்காட்டு வீடுகளில் சோளச்சோறும் கூழும் அன்றாடம் கொதித்ததை மறந்தவர்கள். பள்ளி விடுதிகளில் வாரம் ஒருநாள் சோளத்தோசை வார்த்தாலே கணிசமான மூட்டைகள் காலியாகும். செலவுக்குப் பணம் எங்கே என்றால், டாஸ்மாக் வருமானத்தில் ஒரு சிறு பங்கு போதும். துறையூர், மணப்பாறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் கொள்முதல் உண்டு என்பதைப் புரட்டாசி விதைப்புக்கு முன்பே அறிவிக்க வேண்டும். தை மாதம் அறுவடை முடிந்த பிறகு அறிவித்தால் லாபம் வியாபாரிக்குத்தான்.