தெரியவே இல்லைல்லா?

போன மாதம் மதுரைக்குப் போய் வந்ததிலிருந்தே இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். எழுதினால் வீட்டில் ஒரு சண்டை வரும் என்பதால் தள்ளிப் போட்டேன். எழுபத்தைந்து வயதுக்கு மேல் சண்டைக்குப் பயந்து என்ன ஆகப் போகிறது?

விஷயம் கார். பழைய கார் என்றதும் என் வயதுக்காரர்கள் அம்பாசடரை நினைத்துக்கொள்வார்கள். அது இல்லை. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் யாரோ ஒரு முதலாளி நாற்பது, ஐம்பது லட்சம் கொடுத்து வாங்கிய ஜெர்மன் செடான்களைச் சொல்கிறேன். பி.எம்.டபிள்யூ, ஆடி, மெர்சிடிஸ். இன்று அவை ஒரு புது ஸ்விஃப்ட் விலைக்கே கிடைக்கின்றன. டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படி அங்கே ஓட முடியாமல் போன வண்டி என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு தெற்கே வந்தது. நெல்லையிலும் இப்போது அங்கங்கே கண்ணில் படுகிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கன்னியாகுமரிக்கு இட்லி தின்னப் போய்விட்டு எட்டு மணிக்குள் ஊர் திரும்புகிறவர்களை எனக்குத் தெரியும். இட்லி பேட்டையிலேயே கிடைக்கும். அவர்கள் போவது இட்லிக்காக இல்லை.

என் மைத்துனர் மகன் அப்படி ஒன்று வாங்கியிருக்கிறான். 2011 மாடல் 530டி. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர். நல்ல பையன், குடிப்பழக்கம் கிடையாது, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். என் கண் பரிசோதனைக்கு மதுரை போக வேண்டும் என்றதும், "மாமா, பஸ்ல எதுக்குப் போறிய, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அவனாக வந்தான். என் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை, அண்ணன் மகன் அல்லவா. பின் சீட்டில் பெல்ட் போடாமல் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள். "போடு" என்றேன். "சேலை கசங்கும்" என்றாள்.

தச்சநல்லூர் தாண்டி, கங்கைகொண்டானும் தாண்டியது. வண்டிக்குள் ஒரு சத்தம் இல்லை. வெளியே கருவேலமரங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன, அவ்வளவுதான். அவன் முள்ளைக் காட்டினான். நூற்று அறுபது.

"தெரியவே இல்லைல்லா மாமா?"

"இல்லை" என்றேன். பொய் சொல்லவில்லை. எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது. சர்க்கார் ஜீப்பிலும் ரூட் பஸ்ஸிலும் முதுகு தேய்ந்தவன் நான். தோல் சீட்டில் சாய்ந்துகொண்டு, நாற்காலியில் இருப்பதுபோல மதுரைக்குப் போவதை யார் வேண்டாம் என்பார்கள்?

இந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் சொல்லிவைத்ததுபோலச் சொல்லும் வாக்கியம் இது. கல்யாண வீட்டில், டீக்கடையில், ஒர்க்‌ஷாப்பில் எங்கே இரண்டு பேர் சேர்ந்தாலும், "நூத்தி எண்பதுல போனேன், தெரியவே இல்லை", "கல்லு மாதிரி நிக்கி", "சின்ன வண்டின்னா நூறுலயே ஆடும்". அவர்கள் இதை வண்டியின் புகழாகச் சொல்கிறார்கள். எனக்கு இது ஒரு குற்ற ஒப்புதலாகக் கேட்கிறது. வேகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அந்த வண்டியில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஆளுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். சின்ன வண்டி ஆடுகிறதே, அது ஒரு குறை இல்லை, அது பேசுகிறது. வாயில்லாத வண்டியில் நூற்று அறுபதில் போகிறீர்கள்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். குமாஸ்தாவுக்கு வேறு என்ன வரும்? நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்குச் சுமார் 28 மீட்டர் போகிறோம். எதிரே ஒன்றைப் பார்த்து, அது என்னவென்று புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சாலை, நல்ல டயர், நல்ல பிரேக் இருந்தால் மொத்தம் சுமார் 100 மீட்டரில் வண்டி நின்றுவிடும். நூற்று அறுபதில் வந்தால் 200 மீட்டருக்கு மேல் வேண்டும். இதையாவது ஊகிக்கலாம். நான் பேப்பரில் போட்டுப் பார்த்தபோது என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று: நூறில் வந்தவன் நின்றேவிட்ட அந்த இடத்தை, அதே நேரத்தில் பிரேக்கில் கால் வைத்த நூற்று அறுபதுக்காரன் 140 வேகத்தில் கடக்கிறான். சந்தேகம் இருந்தால் பிளஸ் ஒன் படிக்கும் பேரனிடம் கொடுத்துச் சரிபாருங்கள்.

கயத்தாறுக்குச் சற்று முன்னால், நடுத் திட்டில் இருந்த திறப்பில் ஒரு முதியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் புல்லுக்கட்டு. அவர் எங்களைப் பார்த்தாரா என்று தெரியாது. பார்த்திருந்தாலும், நாங்கள் இருந்த தூரத்துக்கு எந்த வண்டியும் வந்து சேர நேரம் ஆகும் என்றுதான் அவருடைய கண் கணக்குப் போட்டிருக்கும். நாற்பது வருடமாக அந்த ரோட்டைக் கடந்த கண்ணாக இருக்கும். அவன் பிரேக்கை மிதித்தான். கல் மாதிரி நிற்கும் வண்டியின் ஸ்டியரிங் அவன் கையில் கிடுகிடுவென்று ஆடியது. ஹாரன், ஒரு ஒடிப்பு, என் மனைவியின் "முருகா". தாண்டிவிட்டோம். நான் திரும்பிப் பார்த்தபோது சைக்கிள் தரையில் கிடந்தது. அவர் நின்றிருந்தாரா, விழுந்திருந்தாரா, அந்தத் தூரத்தில் என் கண்ணுக்குத் தெரியவில்லை. கண் பரிசோதனைக்குப் போகிறவனின் கண் அது.

"ஒண்ணும் ஆகல மாமா. தட்டல."

வண்டி நிற்கவில்லை. "நிறுத்து" என்று நான் சொல்லவில்லை. கோவில்பட்டியில் காபி குடித்தோம். என் மனைவி கடலைமிட்டாய் வாங்கினாள்.

நான் புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்தவன். வருவாய்ப் பிரிவில் இருந்த வருடங்களில், மோதிவிட்டு நிற்காமல் போன வண்டிகளால் இறந்தவர்களின் நிவாரணக் கோப்புகள் என் மேஜைக்கு வரும். 1989-ஆம் வருடத்துத் திட்டம் அது. 1994 திருத்தத்துக்குப் பிறகு ஒரு உயிருக்கு 25,000 ரூபாய், பலத்த காயத்துக்கு 12,500. (2022 ஏப்ரல் முதல் இரண்டு லட்சம் ஆக்கியிருக்கிறார்கள்.) மனைவியின் கைநாட்டு, மருத்துவர் அறிக்கை, காவல் நிலையக் கடிதம் எல்லாம் இருக்கும். வண்டி விவரம் கேட்கும் இடத்தில் மட்டும் "அடையாளம் தெரியாத வாகனம்" என்று என் கையால் எழுதுவேன். எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அந்த வண்டிக்குள் எப்படிப்பட்ட ஆட்கள் இருந்திருப்பார்கள் என்று சில சமயம் யோசித்ததுண்டு. குடிகாரர்கள், ரௌடிகள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த வண்டியே அதுக்குன்னு செஞ்சது" என்பார்கள். உண்மைதான். ஆலையிலேயே 250-க்கு மேல் போகாமல் கட்டிப்போட்டு அனுப்புகிற வண்டி. ஆனால் அது புது வண்டிக்குச் சொன்னது. "ஜெர்மனியில் லிமிட்டே கிடையாது" என்பார்கள். அங்கேயும் ஆட்டோபானில் பல பகுதிகளில் வரம்பு உண்டு. வரம்பில்லாத இடத்துக்கும் 130 என்பது அரசின் பரிந்துரை. அதோடு அங்கே புல்லுக்கட்டு சாலையைக் கடப்பதில்லை. இதையெல்லாம்விட முக்கியம், அங்கே ஒரு கார் மூன்றாவது வருடத்தில் சோதனைக்குப் போக வேண்டும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பிரான்சில் நான்காவது வருடம், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. நம் ஊரில் சொந்தக் காரைப் பதிவு செய்தால் பதினைந்து வருடம் அரசு அதன் சக்கரத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. புகைச் சான்றும் இன்சூரன்சும் போதும். என் மருமகனின் வண்டிக்குப் பதினான்கு வயது. ஷோரூம் வாசலைத் தாண்டிய நாளிலிருந்து அதன் அடியில் அரசு சார்பாக ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை.

பழைய வண்டியில் முதலில் கிழவனாவது இன்ஜின் இல்லை. அது லட்சக்கணக்கில் ஓடும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். கிழடாவது ரப்பர். முன்பக்க ஆர்மில் இருக்கும் புஷ், பிரேக் ஹோஸ், டயர். புஷ் வெடித்திருந்தால் நேராகப் போகும்போது தெரியாது, பலமாகப் பிரேக் போடும்போது ஸ்டியரிங் ஆடும். அன்று ஆடியது அதுதான் என்று பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் சொன்னார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1415 என்றால் 2015-ஆம் வருடத்தின் பதினான்காவது வாரம். பத்து வருடத்துக்கு மேல் போட்டிருக்காதே என்று டயர் கம்பெனியே சொல்கிறது, பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும். முன்னால் இருந்தவர் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தியே வைத்திருந்தால் பட்டன் புதிதுபோல இருக்கும், ரப்பர் காய்ந்திருக்கும். மருமகனிடம் போனில் சொல்லி, அந்த நான்கு இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நான் உதாரணம் சொன்ன எண் அவன் அனுப்பியதுதான். புது டயர் நான்கு மாற்றக் கேட்ட விலை வண்டி விலையில் ஒரு நல்ல பங்கு என்று வருத்தப்பட்டான். வண்டிதான் ஸ்விஃப்ட் விலைக்கு வரும், அதன் டயர் வராது.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இந்த இடத்தில் எனக்கு இன்னொரு கார் ஞாபகம் வருகிறது. வகுப்பில் ஆல்பெர் காம்யுவைத் தொடங்கியபோது எங்கள் வாத்தியார் முதலில் சொன்னது அவர் இறந்த கதையைத்தான். 1960 ஜனவரி 4. பதிப்பாள நண்பர் மிஷெல் கலிமார் ஓட்டிய ஃபாஸெல் வேகா. பிரெஞ்சுக் கூடு, அமெரிக்க இன்ஜின், அன்றைய பணக்காரர்களின் அதிவேகச் சொகுசு. அகலமான நேர் சாலை, எதிரே வண்டி இல்லை, வில்பிளவெனில் ஒரு மரம். காம்யு அங்கேயே இறந்தார், நாற்பத்தாறு வயது. கலிமார் சில நாள் கழித்து. சட்டைப் பையில் பாரிசுக்கு எடுத்த ரயில் டிக்கெட் பயன்படுத்தாமல் இருந்தது. வாத்தியார் அந்த டிக்கெட்டைச் சொல்லும்போது குரல் மாறும். நாங்கள் பையன்கள், எங்களுக்கு அந்தக் காரின் பெயர்தான் பிடித்துப்போனது. வாயில் போட்டு உருட்டிக்கொண்டே திரிந்தோம்.

அந்தப் பிரான்சு பிறகு என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1972-இல் அங்கே சாலையில் செத்தவர்கள் 16,500-க்கு மேல். தெற்கே மஸாமே என்று ஒரு கம்பளி ஊர், பேட்டை நூற்பாலை ஊராக இருந்ததைப் போல. அதன் மக்கள்தொகையும் ஏறக்குறைய அதே எண். 1973 மே 17 அன்று அந்த ஊர் மக்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து தெருவில் படுத்தார்கள். கடைக்காரர், பள்ளிப் பிள்ளைகள், கிழவிகள் எல்லோரும். ஒரு வருடத்தில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று நாடு தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த ஆண்டே வேக வரம்பும், ஊருக்கு வெளியே சீட் பெல்ட்டும் வந்தன. இன்று அங்கே ஆண்டுக்கு மூவாயிரத்துச் சொச்சம்.

2022-இல் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். பேட்டையில் இருந்து டவுன் ஆர்ச் வரைக்கும் படுக்கப் போட்டாலும் இடம் போதாது. அந்த வருடம் நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு எழுபத்தொரு பேர் மிகைவேகக் கணக்கில் வருகிறார்கள். "அது பைக்காரனும் லாரிக்காரனும்" என்று மருமகன் சொன்னான். செத்ததில் பைக்காரர்கள்தான் அதிகம், சரி. அடுத்து நடந்து போனவர்கள், கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். நடந்து போகிறவன் யார் மேலும் வேகமாக மோதிச் சாவதில்லையே. ஆறு காற்றுப்பையும் இரண்டு டன் இரும்பும் உங்களுக்கு. உங்கள் வேகத்துக்கு ஜாமீன் நிற்பவர் புல்லுக்கட்டுக்காரர்.

சட்டம் பேசி அலுத்துவிட்டது. நான்குவழிச் சாலையில் காருக்கு 100 என்று 2018-இல் மத்திய அரசு உயர்த்தியது; 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பையே ரத்து செய்தது. எந்தக் கணக்கிலும் 160 கிடையாது. அபராதம் ஆயிரத்தில் இருந்து இரண்டாயிரம். அந்த வண்டியின் வைப்பர் பிளேடு ஒரு ஜோடி வாங்க முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். அன்று வேகமாகப் போனதில் இருபது நிமிடம் மிச்சமானது. ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வண்டியை விற்கச் சொல்லவில்லை. அழகான வண்டி. தொண்ணூறில் போனாலும் அதே தோல் சீட்டுதான்.

மறு வாரம் வீட்டில் பாங்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பஸ் ஏறிக் கயத்தாறில் இறங்கினேன். அந்தத் திறப்பு வரைக்கும் வெயிலில் திரும்பி நடந்தேன். பக்கத்தில் ஒரு டீக்கடை இருந்தது. புல்லுக்கட்டு ஏற்றிவரும் சைக்கிள் பெரியவரைத் தெரியுமா என்று கேட்டேன். தேதியையும் சொன்னேன்.

"அவரா? அன்னைக்கு ஒரு காரு உரசப் பாத்துட்டுல்லா. பதறி விழுந்து முழங்கையில சிராய்ப்பு. வீல் வளைஞ்சு போச்சு. ரெண்டு நாளா வரல, இப்பம் வந்துட்டு இருக்காரு." டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஏன் சார், நீங்க பாத்தியளா? என்ன வண்டி அது?"

"கருப்புக் கார்" என்றேன்.

"நம்பரு?"

"கவனிக்கலை" என்றேன்.

டீக்குக் காசு கொடுத்துவிட்டுத் திருநெல்வேலி பஸ்ஸுக்கு நின்றேன்.