டெக்னோ: இரைச்சலா, இசையா? பெர்லின் சொல்லும் பதில்

சனிக்கிழமை நள்ளிரவு. பெர்லினில் பழைய மின் நிலையக் கட்டடம் ஒன்றின் முன் இளைஞர்கள் நீண்ட வரிசையில் நிற்பார்கள். வாசற்காவலர் தலையசைத்தால் உள்ளே போகலாம். இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். உள்ளே போவோரின் கைப்பேசிக் கேமராமீது ஒட்டுவில்லை ஒட்டப்படும். படம் எடுக்க அனுமதியில்லை. 2004இல் திறக்கப்பட்ட பெர்க்ஹைன் கேளிக்கை மையத்தின் வழக்கம் இது. அங்கு சனி இரவு தொடங்கும் ஆட்டம் திங்கட்கிழமை காலை வரைகூட நீளும்.

கூரை 18 மீட்டர் உயரம். அதன் கீழ் டிஜேக்கள் மணிக்கணக்கில் இசையைக் கோத்துக் கொடுக்கிறார்கள். சில கலைஞர்கள் தாள இயந்திரத்தையும் சிந்தசைசரையும் மேடையில் வைத்து, அங்கேயே இசையை உருவாக்குகிறார்கள். 'ஒரே டம் டம் சத்தம். இதில் என்ன கலை?' என்று பெரியவர்கள் கேட்கலாம். ஜெர்மனியின் வரித்துறையும் கிட்டத்தட்ட அதையே கேட்டது.

அங்கு இசைக் கச்சேரியின் நுழைவுக் கட்டணத்திற்கு 7 விழுக்காடு வரி. வெறும் கேளிக்கை என்றால் 19 விழுக்காடு. பெர்க்ஹைன் இரண்டாவது வகை என்றது வரித்துறை. மக்கள் முதன்மையாக இசைக்காகவே அங்கு வருகிறார்கள் என்று 2016இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020இல் நாட்டின் உச்ச வரி நீதிமன்றமும் வேறொரு வழக்கில், டிஜேயின் சுழல்தட்டும் கலவைக் கருவியும் இசைக் கருவிகளே என்ற கருத்தை ஏற்றது.

இந்த இசை பிறந்தது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில். 1980களில் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கியது. 1989இல் பெர்லின் சுவர் திறக்கப்பட்டபின், கிழக்கில் கைவிடப்பட்டுக் கிடந்த கட்டடங்களில் அது குடிபுகுந்தது. 1991இல் திறக்கப்பட்ட ட்ரெசோர், பழைய பேரங்காடி ஒன்றின் நிலத்தடிப் பெட்டகத்தில் இயங்கியது. 2024இல் பெர்லின் டெக்னோ, ஜெர்மனியின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

போதைப்பொருள் அந்த இரவுகளின் இருண்ட பக்கம். பிள்ளைகளைப் பற்றிய பெற்றோரின் அச்சத்தில் நியாயம் உண்டு. அதை மறைத்துவிட்டு இந்தக் கலையைப் புகழ்வது நேர்மையல்ல.

ஆனால், இந்த மையங்களை இன்று மூடவைப்பது வாடகையும் செலவும்தான். ஆற்றங்கரையில் 22 ஆண்டுகள் இயங்கிய வாட்டர்கேட், 2024ஆம் ஆண்டின் கடைசி இரவோடு கதவை மூடியது. நெடுஞ்சாலை நீட்டிப்புத் திட்டம் இன்னும் சில மையங்களை அச்சுறுத்துகிறது. கேளிக்கை மையங்களைப் பண்பாட்டு இடங்களாகக் கருத வேண்டும் என ஜெர்மன் நாடாளுமன்றம் 2021இல் தீர்மானம் நிறைவேற்றியது. அண்டை வீட்டாருக்குத் தொல்லை குறைய, ஒலித்தடுப்பு வசதிகளுக்கென பெர்லின் அரசு ஒரு மில்லியன் யூரோ நிதி ஒதுக்கியது.

பட்டியலில் பெயர் ஏறுவது பெருமைதான். ஆனால் பெருமை வாடகை கட்டாது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியதைக் கண்ட நமக்கு இது புதிதல்ல: காலடியில் நிலம் இல்லாமல் எந்தக் கலையும் நெடுநாள் நிற்பதில்லை. அந்த இசையைக் காக்க விரும்பினால், பெர்லின் முதலில் அது ஒலிக்கும் கட்டடங்களைக் காக்க வேண்டும்.