மோட்டார் சைக்கிளா கட்டுப்பாட்டை இழந்தது?

வலது காலில் உலோகத் தகடு ஒன்றும் ஏழு திருகாணிகளும், இடது பக்கக் காறை எலும்பில் ஆறிவரும் முறிவு ஒன்றுமாகச் சாய்வு நாற்காலியில் இருந்தபடி இதனை எழுதுகின்றேன். நலம் விசாரித்து மடல் எழுதிய வாசகர்களுக்கு நன்றி. நான் தேறி வருகின்றேன். நாளுக்கு இருமுறை முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சி. படியேறுவது இலகு, இறங்குவதுதான் பெரும்பாடு. ஆனால், இன்று எழுத வந்தது என் காலைப் பற்றியல்ல. என்னைப் பற்றி எமது பத்திரிகை ஒன்றில் வெளியான மூன்று வரிச் செய்தியைப் பற்றி.

“வியட்நாமுக்குச் சுற்றுலா சென்றிருந்த மூத்த ஊடகவியலாளர் பயணித்த மோட்டார் சைக்கிள், பனிமூட்டம் காரணமாக வேகக்கட்டுப்பாட்டை இழந்து விபத்துக்குள்ளானதில் அவர் படுகாயமடைந்து வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுள்ளார்.”

எழுதிய தம்பி எனக்குத் தொழிலில் இளையவர், அன்பினால்தான் எழுதினார். அவரை நான் குறை கூற முடியாது. முப்பது ஆண்டுகளாக இதே வசனத்தை நானும் எழுதி வந்திருக்கிறேன். இடமும் பெயரும் வயதும் மட்டுமே மாறும். நான் செய்தியாகும்வரை அது பொய் என்று எனக்கு உறைக்கவில்லை.

நடந்தது இதுதான். கடந்த மார்ச் மாதம் ஹுவே நகரில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஹாய் வான் கணவாய் வழியாக டனாங் நோக்கிப் புறப்பட்டேன். இருபது கிலோமீற்றர் வரை நீளும் மலைவீதி அது. உச்சி ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். 2005இல் மலையைக் குடைந்து ஆறு கிலோமீற்றருக்கும் நீளமான சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பின்னர் பெரும்பாலான லொறிகளும் பஸ்களும் அதற்குள் போய்விட்டன. மோட்டார் சைக்கிளுக்கு அதற்குள் ஓடிச்செல்ல அனுமதியில்லை. 2008இல் ‘டொப் கியர்’ என்ற பிரித்தானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி இந்த வீதியைப் புகழ்ந்தபின், உலகத்து நடுவயதுக்காரர்கள் பலருக்கு அங்கே ஒருதடவையாவது ஓடிவிட வேண்டுமென்ற ஆசை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

உச்சியில், மின் மாங் அரசன் காலத்துக் கோட்டை வாசலருகே இறங்கித் தேநீர் குடித்தேன். பனிமூட்டம் இருந்தது உண்மை. மீண்டும் ஏறிப் புறப்பட்டபோது நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் வீதியின் இடது பக்கத்துக்குப் போனேன். வியட்நாமில் வலது பக்கத்தால் ஓட வேண்டும். மூன்றாவது வளைவில், தனக்குரிய பக்கத்தில் இரு கூடைகளுடன் மேலேறி வந்த பெண்ணொருத்தி என்னைக் கண்டு தடுப்பை அழுத்தினார். அவர் வீதியில் விழுந்தார்; நான் ஓரத்துக் கற்கட்டில் மோதினேன். என் காலும் காறை எலும்பும் முறிந்தன. அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது.

மோட்டார் சைக்கிள் எதையும் இழக்கவில்லை. நான் செலுத்திய திசையில் அது பணிவுடன் சென்றது.

இன்னும் உண்டு. என்னிடமிருந்த சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் எமது நாட்டில் வழங்கப்படுவது. வியட்நாம் ஏற்பதோ 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் கீழானதை. வாடகைக் கடையில் கடவுச்சீட்டை மட்டும் கேட்டார்கள், கொடுத்தேன். பின்னர் காப்புறுதி நிறுவனம், செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இல்லை என்று சத்திரசிகிச்சைச் செலவைத் தர மறுத்தது. கோபம் வந்தது. பத்திரத்தை எடுத்து வாசித்தால் பதினோராம் பக்கத்தில் அப்படியே எழுதியிருக்கிறது. பிறர் எழுதியதைப் பிழை திருத்தியே வயிறு வளர்த்தவன், தன் கையொப்பமிட்ட தாளை வாசிக்கவில்லை.

ஒழுங்காகச் செய்த ஒரே காரியம், கடைக்காரர் தந்த பிளாஸ்ரிக் கோப்பையை மறுத்து நல்ல தலைக்கவசம் ஒன்றை வாங்கியது. அதன் வலப்புறம் முழுக்கத் தேய்ந்துபோய் வீட்டில் இருக்கிறது. முன்பு வியட்நாமியர் தலைக்கவசத்தைச் ‘சோற்றுப்பானை’ என்று கேலி செய்வார்களாம். 2007 டிசம்பர் 15 முதல் எல்லா வீதிகளிலும் கட்டாயமாக்கப்பட்டது. சில நாட்களிலேயே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அணிந்தார்கள். தலைக்கவசம் மரண ஆபத்தை ஏறத்தாழ 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைக்கிறது என்று 2008இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. எமது விபத்துச் செய்திகளில் இறந்தவர் தலைக்கவசம் அணிந்திருந்தாரா என்ற ஒரு சொல் இருக்கிறதா? தேடிப் பாருங்கள்.

தங்கையைக் கேட்டால் ஏழரைச் சனி என்கிறாள். நல்லூரானுக்கு நேர்த்தியும் வைத்துவிட்டாள். அவள் தன் மனத்தைத் தேற்றிக்கொள்ள அப்படிச் சொல்லலாம். பத்திரிகை சொல்லலாமா? “விபத்துக்குள்ளானது” என்ற வினையில் சனி பகவான்தான் எழுவாய். பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையான பி.எம்.ஜே., ‘விபத்து’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே 2001இல் தன் பக்கங்களிலிருந்து விலக்கியது. பெரும்பாலான காயங்கள் எதிர்பார்க்கக்கூடியவை, தடுக்கக்கூடியவை என்பதே காரணம். நாம் அந்தச் சொல்லை விட்டுவிட வேண்டாம். அதற்குள் ஒளித்து வைத்தவற்றையாவது வெளியே எடுக்கலாம்.

நீதிமன்றம் தீர்க்குமுன் யாரையும் குற்றவாளி என்று எழுதலாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். எழுதக்கூடாது, நான் கேட்பதும் அதுவல்ல. ஏ-9 வீதியில் இரவில் மாட்டுடன் மோதி ஓர் இளைஞன் இறந்தால், அவ்விடத்தில் வீதிவிளக்கு எரிந்ததா, கட்டாக்காலி மாடுகளைப் பிடிக்க வேண்டிய உள்ளூராட்சி சபை கடைசியாக எப்போது பிடித்தது என்று கேட்பதற்கு நீதிபதி தேவையில்லை. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது முதல் காவலற்ற கடவைகளில் எத்தனை உயிர்கள் போயின! ஒவ்வொரு தடவையும் “புகையிரதத்துடன் மோதுண்டு பலி” என்றே எழுதினோம். படலை இல்லை என்பது நாலாம் பந்தியில் வரும், இடமிருந்தால். கடந்த பத்தாண்டின் சில வருடங்களில் இலங்கை வீதிகளில் இறந்தோர் தொகை ஆண்டுக்கு 3,000ஐத் தொட்டது. இத்தனை மரணங்களையும் காலநிலை அறிக்கைபோல எழுதப் பழகிவிட்டோம்.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறு. அந்த மூன்று வரியில் அந்தப் பெண் இல்லை. வைத்தியசாலையில் நான்காம் நாள், மாக்கட்டுப் போட்ட கையுடன் வந்து என் கட்டிலருகே நின்றார். விடுதிப் பையன் மொழிபெயர்த்தான். ஆறு வாரம் கூடை தூக்க முடியாதாம். மகள் பாடசாலையை விட்டுச் சந்தைக்குப் போகிறாளாம். அவர் என்னைத் திட்டவில்லை. உண்மையில், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆறு வார வருமானத்தையும் வைத்தியச் செலவையும் கணக்கிட்டுக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கினார். அந்தப் பிள்ளை தவறவிட்ட பாடங்களுக்கு நான் எதையும் கொடுக்கவில்லை.

ஊர் திரும்பியதும் தம்பிக்குத் திருத்தம் அனுப்பினேன்: “சாரதி வீதியின் பிழையான பக்கத்தில் சென்றமையால் எதிரே வந்த பெண்ணொருவர் காயமடைந்தார்; சாரதியிடம் அந்நாட்டில் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இருக்கவில்லை.”

தொலைபேசியில் சிரித்தார். “அண்ணை, உதுக்கெல்லாம் ஏன் மினக்கெடுறியள்? உங்கட பேரை நீங்களே கெடுக்கப் போறியளே?”

“செய்தி பிழையடா தம்பி, போடு,” என்றேன்.

மூன்று வாரமாகிறது. இன்றைய பத்திரிகையின் ஐந்தாம் பக்கத்திலும் தேடினேன். என் திருத்தம் இல்லை. முறிகண்டிக்கு அருகே மோட்டார் சைக்கிள் ஒன்று வேகக்கட்டுப்பாட்டை இழந்திருக்கிறது.